கொட்டகைக்குள் நின்ற பெர்தீன்

வெயர்டன் ஊரில் பெர்தீனைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் அவளோடு ஐந்து நிமிடம் பேசியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவள் கடைத்தெருவில் முடிவெட்டும் கடையில் சேர்ந்தாள். வெட்டு நேர்த்தியாக இருக்கும். குறை ஒன்றுதான்: வாடிக்கையாளர் பேசுவதற்கு அவள் பதில் சொல்வதில்லை. முடிவெட்ட வந்தவர்கள் பாதிப் பேர் பேசுவதற்காகவே வந்தவர்கள்.

ஒரு வசந்த காலத்தில், சாப்பாட்டு இடைவேளையில் மாஸ் ஆற்றங்கரை மேல் நடந்துகொண்டிருந்தவள் ஓரிடத்தில் நின்று புல்லை விலக்கினாள். உள்ளே கை போனது. முழங்கை போனது. தோள் வரை போனது. நீரெலி குடைந்த வளை. ஆறு பொங்கும்போது கரையை உள்ளிருந்து தின்கிற ஓட்டை. கரைகளைப் பராமரிக்கும் நீர் வாரியத்துக்கு அவள் தொலைபேசியில் சொன்னாள். வந்த ஆள், இதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டதற்கு, அங்கே புல் படுத்திருந்த விதம் சரியில்லை என்றாள். அந்தக் கோடையிலேயே அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு நீரெலி பிடிக்கும் வேலையில் சேர்ந்தாள். அந்தக் குழுவில் அவள் ஒருத்திதான் பெண்.

ஊர் சும்மா இருக்குமா? பெர்தீன் கையில் மாட்டினால் பேசாமலேயே கதை முடிந்துவிடும், அது முடியானாலும் எலியானாலும் ஒன்றுதான் என்று மதுக்கடையில் பேசிச் சிரித்தார்கள். அவள் அண்ணன் லாம்பெர்ட்டும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, இந்த மாதம் அவள் அடைத்த வளைகள் எத்தனை, எந்தெந்த இடத்தில் என்று ஒன்று விடாமல் சொல்லுவார். கேட்டவர்கள் மெல்ல நழுவுவார்கள்.

லாம்பெர்ட் ஜன்னல் சட்டம் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவர். அளவு நாடா இல்லாமல் தேவாலயத்துக்குக்கூடப் போகமாட்டார். ஒரு தடவை அளந்ததை மறுபடி அளப்பார், அப்புறம் நாடாவையே சந்தேகப்பட்டு இன்னொரு நாடாவால் அளப்பார். தாம் அளந்தது தவறாகப் போனதில்லை என்பது அவருடைய ஒரு பெருமை. தங்கை இன்னொரு பெருமை.

இந்தப் புத்தாண்டு பிறந்ததும் பெர்தீன் வெயர்டன் பகுதிக் கரைக்காவலுக்குத் தலைவியானாள். பல வருடம் அந்தப் பொறுப்பில் இருந்த ஃபான் ஹாரன் வயதாகி ஒதுங்கிக்கொண்டார். கரைக்காவல் என்றால் சம்பளமில்லாத வேலை. ஆறு ஏறும் நாட்களில் மட்டும் ரொட்டிக் கடைக்காரர், வாத்தியார், பால் பண்ணைக்காரர் எல்லோரும் ஆரஞ்சு மேல்சட்டை மாட்டிக்கொண்டு கரையைச் சுற்றிவருவார்கள். கண்டதைத் தலைவியிடம் சொல்ல வேண்டும். தலைவி மண்டல அவசர மையத்துக்குச் சொல்ல வேண்டும். மேலேயிருந்து தேசிய நீர்த்துறையின் வெள்ள முன்னறிவிப்பு வரும், கீழேயிருந்து கரையின் நிலவரம் போகும். இரண்டும் மையத்தில் சந்திக்கிற இடத்தில்தான் மேயர் முடிவெடுப்பார்.

வெயர்டனில் முடிவு எப்போதும் ஒரே இடத்தைச் சுற்றித்தான் இருக்கும். படகுத்துறைக்குப் போகிற சாலை கரையை வெட்டிக்கொண்டு போகிறது. அந்த வெட்டுக்குக் கரை வாசல் என்று பெயர். ஆறு ஏறினால் வாசலின் இரண்டு பக்கச் சுவரிலும் செங்குத்தாக வெட்டிய காடிப் பள்ளங்களில் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி அடைக்க வேண்டும். இரண்டு வரிசைக் கட்டை, நடுவே மணல் மூட்டை. அடைக்காவிட்டால் தண்ணீர் நேராக இறங்குவது தாழ்வான பழைய தெருவுக்கு. அங்கேதான் முதியோர் இல்லம்.

கட்டைகள் கரையோரத்தில் நீர் வாரியத்தின் கொட்டகையில் இருக்கின்றன. இதே கொட்டகையில்தான் நவம்பர் மாதம் தொடங்கி, லாம்பெர்ட் சேர்ந்திருக்கும் திருவிழாச் சங்கம், குளிர்கால முடிவில் வரும் கார்னிவல் ஊர்வலத்துக்கு அலங்கார ஊர்தி கட்டும். ஊரில் அந்த அளவு உயரமான கூரை வேறு எங்கும் இல்லை. பின்பாதியில் கட்டைகள், முன்பாதியில் ஊர்தி. ஆறு ஏறினால் ஊர்தியை அரை மணி நேரத்தில் வெளியே இழுத்துவிட வேண்டும் என்பது ஃபான் ஹாரன் போட்ட நிபந்தனை. இத்தனை வருடமும் அப்படித்தான் நடந்தது.

ஊர்தி ரகசியம். ஊர்வல நாள் வரை என்ன உருவம் என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக்கூடாது. ஆற்றோர ஊர்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான். அடுத்த ஊர்க்காரன் மோப்பம் பிடித்துவிடுவான். ஃபான் ஹாரனும் சங்கத்தில் கௌரவ உறுப்பினர், சத்தியம் செய்தவர். பொறுப்பைப் பெர்தீனிடம் ஒப்படைத்தபோது கரையைப் பற்றி எல்லாம் சொன்னார், பம்புகளைப் பற்றிச் சொன்னார். கொட்டகைக்குள் என்ன நிற்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சத்தியம் போயிருக்கும். அதிலும் இந்த வருடம், சொல்லவே கூடாத ஆளிடம் சொன்னதாகியிருக்கும்.

ஏனென்றால் இந்த வருட ஊர்தி பெர்தீனேதான்.

கம்பிச் சட்டம் கட்டி, அதன்மேல் காகிதம் ஒட்டி, லாம்பெர்ட் தன் தங்கையை மூன்று ஆள் உயரத்துக்கு எழுப்பியிருந்தார். தொடை வரை ஏறும் பச்சை ரப்பர் பூட்ஸ், தோளில் எலிப்பொறி, வாயை இறுக்கி மூடிய முகம். முகத்தை நான்கு தடவை கலைத்துச் செய்தார். முன்பெல்லாம் கதவு வழியே வெளியே இழுக்கும்போது தலையை மடக்கிக் கீழிறக்கும்படி உருவத்தின் கழுத்தில் கீல் வைப்பார். இந்தத் தடவை தலை ஆடிக்கொண்டே இருந்தது. கூட வேலை செய்த நோல், ஊருக்கே தெரிந்த கேலிக்காரர், ஏணியில் நின்றபடி வெல்டிங் கருவியைக் கேட்டார்.

"நம்ம பெர்தீன் இந்த ஊர்ல யாருக்கு மாப்ள தலையாட்டிருக்கா? ஆடுற தலைய வச்சா ஒருத்தனும் நம்பமாட்டான். பத்த வச்சுடு."

கழுத்தை வெல்டு வைத்தார்கள். வைத்ததும் தலை கூரைக் கட்டையில் இடித்தது. அதனால் சக்கரங்களைக் கழற்றி வண்டியைச் செங்கல் மேல் இறக்கினார்கள். ஊர்வலத்துக்கு முந்தைய நாள் கழுத்தை அறுத்து, வெளியே கொண்டுபோய் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம் என்று லாம்பெர்ட் கணக்குப் போட்டார். ஜனவரியில் பெர்தீன் கொட்டகைச் சாவி கேட்டு வந்தபோது, சங்கத்துப் பூட்டு போட்டிருக்கிறது, கார்னிவல் முடியட்டும் என்றார். கட்டைகள் சரியாக இருக்கின்றனவா என்று அவள் கேட்டாள்.

"செப்டம்பர்ல வாசல் அடைக்கிற பயிற்சி முடிஞ்சதும் நான்தான் ஒவ்வொண்ணா அடுக்கினேன். ஒண்ணுகூடக் குறையாது."

அது உண்மைதான். அண்ணன் அளந்து சொன்னால் சரியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சரி என்று போய்விட்டாள்.

ஜனவரி கடைசியில் பெல்ஜிய மலைகளில் பனிமேல் மழை கொட்டியது. மாஸ் ஆறு சாது மாதிரி இருந்து திடீரென்று பாயும் ஆறு. வெள்ளிக்கிழமை காலை முன்னறிவிப்பில் ஆறு வாசலின் படியைத் தொடுவது மறுநாள் இரவு என்று வந்தது. மையத்திலிருந்து கேட்டார்கள்: வாசல் அடைப்பு தயாரா? பெர்தீன் தயார் என்று பதில் கொடுத்தாள். சனிக்கிழமை காலை கட்டைகளை இறக்குவதாகத் திட்டம்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த லாம்பெர்ட் ஊர்தியை நினைத்து மணியை எண்ணிப் பார்த்தார். நாளைக் காலை வரை நேரம் இருக்கிறது. சாயங்காலம் நோலோடு போய்ச் சக்கரத்தை மாட்டி, கழுத்தை அறுத்து, வண்டியை நோலின் களஞ்சியத்துக்கு இழுத்துவிடலாம். அவளுக்குத் தெரியவே தெரியாது. ஆச்சரியம் ஆச்சரியமாகவே இருக்கும். ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, தங்கை பின்னால் அவரும் கரையைச் சுற்றக் கிளம்பினார். காற்று முகத்தில் அடித்தது. ஆறு பழுப்பாக, வேலிக் கம்பங்களின் கழுத்து வரை வந்து, மரக்கிளைகளை அடித்துக்கொண்டு போனது. அவள் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. இந்த நாளுக்காகத்தான் பிறந்தவள் மாதிரி நடக்கிறாள் என்று அவர் பக்கத்திலிருந்த வாத்தியாரிடம் சொன்னார்.

மதியம் பட்டாணி சூப் தட்டில் விழுந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் தொலைபேசி அடித்தது. மையத்தில் வெயர்டன் பகுதியைக் கவனிக்கிற ரூலொஃப்சன் அம்மாள். முன்னறிவிப்பு மாறிவிட்டது. மேலே இரண்டு கிளையாறுகளின் வெள்ளம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. ஆறு வாசலைத் தொடுவது நாளைக்கு இல்லை, இன்று பொழுது சாயும்போதே. கட்டை ஏற்ற வரவேண்டிய லாரியையும் கிரேனையும் மேற்கே இன்னொரு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள், அங்கே நிலைமை மோசம். மூன்று மணிக்குள் வாசலை அடைத்தாயிற்று என்று உறுதி வராவிட்டால், முதியோர் இல்லத்தைக் காலி செய்ய மேயர் உத்தரவு போடுவார். இருட்டுவதற்கு முன் அவர்களை வெளியேற்ற வேண்டுமென்றால் அதற்குமேல் காத்திருக்க முடியாது.

பெர்தீன் சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். அவள் முகம் ஏன் அப்படி ஆனது என்று லாம்பெர்ட்டுக்குத் தெரியும். அவள் பள்ளியில் படித்தபோது, தொண்ணூற்றைந்து வெள்ளத்தில், ஆற்றோர ஊர்கள் எல்லாவற்றையும் காலி செய்தார்கள். இருவரும் தூரத்து ஊரின் விளையாட்டுக் கூடத்தில் கட்டிலில் படுத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் அவர்கள் தெருக் கிழவர் ஒருவர், தூங்கும் உடுப்போடு பேருந்தில் ஏற்றப்பட்டவர். வீட்டுக் கடிகாரத்துக்கு யார் சாவி கொடுப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வீடு திரும்பும் முன்பே போய்ச்சேர்ந்துவிட்டார். கரை உடையவும் இல்லை. காலி செய்தது தவறு என்று பெர்தீன் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கிழவரை மறந்ததும் இல்லை.

"கொட்டகைய தொற, அண்ணே."

லாம்பெர்ட் சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். வழி முழுக்கச் சொல்ல முயன்றார். அவள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளிவிட்டு, அவர் ஒதுங்கி நின்றார்.

பெர்தீன் அண்ணாந்து பார்த்தாள். மேலேயிருந்து பெர்தீன் குனிந்து பார்த்தாள். இரண்டு முகமும் வாயை இறுக்கி மூடியிருந்தன. பூட்ஸ் கால்களுக்கு இடையே, இருட்டில், கட்டைகளின் நுனிகள் தெரிந்தன. எடுக்க வழியில்லை.

பின்னால் ஓடிவந்த நோல் மூச்சு வாங்கியபடி தொப்பியைக் கழற்றினார்.

"மூக்கு கொஞ்சம் பெருசா போச்சுனு நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. லாம்பெர்ட் அவசரமாக எல்லாவற்றையும் கொட்டினார்: கீல், வெல்டு, சக்கரம், சாயங்காலம் இழுத்துவிடலாம் என்றிருந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு மணி நேரம் குடு. அடைச்சிடறோம். மையத்துக்கு இப்ப ஒண்ணும் சொல்லாத. மொத வருஷம் உனக்கு. காலைல தயார்னு சொல்லிட்ட, அது அப்படியே இருக்கட்டும்."

அவள் அவரைத் திட்டியிருந்தால் தேவலை. தொலைபேசியை எடுத்தாள்.

"பெர்தீன் பேசறேன். நான் காலைல சொன்னது தப்பு. வாசல் தயாரா இல்ல. கட்டைக்கு முன்னால ஒரு வண்டி நிக்குது, எடுக்கணும்."

அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம் கேட்டது. பிறகு ரூலொஃப்சன் அம்மாளின் குரல், எவ்வளவு நேரம் வேண்டும் என்று மட்டும் கேட்டது.

"ரெண்டரைக்கு நானே கூப்பிடுவேன். என் குரல் வரலன்னா பஸ்ஸ அனுப்பிடுங்க, எனக்காகக் காத்திருக்க வேண்டாம்."

பேருந்துகளைப் பக்கத்து நகரத்தில் இன்ஜின் ஓடும் நிலையில் நிறுத்திவைப்பதாக அம்மாள் சொன்னார். பெர்தீன் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டாள். தாம் இத்தனை நாள் அளந்து அளந்து செய்த எதையும்விட நேரான ஒன்றை லாம்பெர்ட் அப்போது பார்த்தார். இவள் என் தங்கை என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் நோல் மட்டும்தான் இருந்தார், அவருக்கு அது ஏற்கெனவே தெரியும்.

லாம்பெர்ட் ரம்பத்தோடு ஏணியில் ஏறினார். கழுத்தில் ரம்பத்தை வைத்தார். வைத்ததை எடுத்தார், மறுபடி வைத்தார். நான்கு தடவை கலைத்துச் செய்த முகம் ஒரு முழம் தூரத்தில் இருந்தது.

"கழுத்த விடு" என்றாள் அவள் கீழே ஏணியைப் பிடித்தபடி. "கழுத்த அறுத்தாலும், சக்கரம் ஏறினதும் தோள் கதவு நிலையில இடிக்கும். இடுப்புல வெட்டு."

"பெர்தீன்..."

"நான் தாங்கறேன். நீ வெட்டு."

அவர் வெட்டினார். காகிதம் கிழிந்தது, கம்பி கிறீச்சிட்டது, நோல் இன்னொரு பக்கம் வெட்டினார். மேல்பாதி சாய்ந்தபோது மூவரும் தோள் கொடுத்து இறக்கி, வெளியே புல்லில் மல்லாக்கக் கிடத்தினார்கள். முகத்தில் மழை விழுந்தது. லாம்பெர்ட் தம் மேல்சட்டையைக் கழற்றி அதன்மேல் போடப் போனார். போட்டால் இங்கேயே நின்றுவிடுவோம் என்று தோன்றித் திரும்பினார்.

சக்கரங்கள் ஏறின. வெளியே இழுத்த வண்டியைப் பார்த்ததும் பெர்தீனுக்குத்தான் அது தோன்றியது. லாரி வரவில்லை என்றால் என்ன, இதுவே வண்டிதானே. பூட்ஸ் கால்கள் இரண்டையும் வெட்ட நேரமில்லை. அவற்றுக்கு நடுவிலேயே கட்டைகளை நீளவாக்கில் அடுக்கினார்கள். கரைக்காவலர்கள் ஓடிவந்தார்கள். பால் பண்ணைக்காரர் டிராக்டரைப் பூட்டினார்.

கடைத்தெரு வழியாக அந்த வண்டி போனதை வெயர்டன் இன்னும் பேசுகிறது. மூன்று மாத ரகசியம் பட்டப்பகலில், இடுப்புக்கு மேல் ஒன்றுமில்லாமல், கட்டைகளைக் கால்களுக்கு நடுவே கவ்விக்கொண்டு, டிராக்டர் பின்னால் குலுங்கிக்கொண்டு போனது. ரொட்டிக் கடையிலிருந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். மதுக்கடை காலியானது. முடிவெட்டும் கடையிலிருந்து ஒருவர் கழுத்தில் துணியோடு, பாதி வெட்டிய தலையோடு வந்தார். அது யார் கால் என்று ஒருவரும் கேட்கவில்லை. பின்னாலேயே நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். வாசலுக்கு வண்டி வந்து சேர்ந்தபோது கட்டைக்கு இரண்டு கை தேவைப்பட்ட இடத்தில் பத்துக் கை இருந்தது.

செப்டம்பர் பயிற்சியில் இதையே செய்தபோது நடுவில் காபி குடித்தார்கள், கதை பேசினார்கள். இப்போது மறுபக்கம் ஆறு சாலையின் வெள்ளைக் கோட்டை நக்கிக்கொண்டிருந்தது. முதல் வரிசை இறங்கியது. மணல் மூட்டைகள் கைமாறிக் கைமாறி வந்தன. இரண்டாம் வரிசையில் கடைசிக்கு முந்திய கட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. தட்டினார்கள், மிதித்தார்கள், இறங்கவில்லை. கட்டை ஊறிவிட்டது, செதுக்கத்தான் வேண்டும் என்றார் வாத்தியார்.

பெர்தீன் எல்லோரையும் விலகச் சொன்னாள். கட்டையை மறுபடி தூக்கவைத்து, நடுவிலிருந்த மணல் மூட்டைகள்மேல் குப்புறப் படுத்து, காடிக்குள் கையை இறக்கினாள். முழங்கை போனது. தோள் வரை போனது. கன்னம் ஈர மூட்டையில் அழுந்தியிருக்க, கண்ணை மூடிக்கொண்டு துழாவினாள். லாம்பெர்ட் அளவு நாடாவைச் சட்டைப்பைக்குள் நெரித்துக்கொண்டிருந்தார். அவள் கை வெளியே வந்தபோது விரல்களில் படகுச் சங்கிலியின் துருப்பிடித்த வளையம் ஒன்று இருந்தது.

"எலி இல்ல" என்றாள்.

கட்டை ஒரே தட்டில் இறங்கியது. அதற்குமேல் கடைசிக் கட்டையும் இறங்கி உட்கார்ந்தது. இரண்டரை மணி ஆகவில்லை. ஆரவாரம் எழுவதற்குள் அவள் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தாள். ஒரு தடவை முழுக்கச் சுற்றிவந்து, இரண்டு பக்கமும் கையால் தடவிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பேசினாள்.

"வாசல் அடைச்சாச்சு. இந்தத் தடவ கண்ணால பாத்துச் சொல்றேன்."

பேருந்துகள் இன்ஜினை நிறுத்திக்கொண்டன. பொழுது சாயும் நேரத்தில் ஆறு வந்து கட்டையில் முட்டியது, ஏறியது, ஒரு கட்டையை மறைத்தது, இன்னொன்றை மறைத்தது. ஊர்ப்பக்கம் சாலை மழையில் மட்டும்தான் நனைந்திருந்தது. தாழ்வான தெருவில் முதியோர் இல்லத்து ஜன்னல்களில் விளக்குகள் எரிந்தன, தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. தன் மாமியார் இன்றைக்கும் சூப்பில் உப்பில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார், கேட்க வேண்டுமா என்றார் நோல். லாம்பெர்ட்டுக்குக் கண் கலங்கியது. மழை என்று துடைத்துக்கொண்டார்.

கார்னிவலுக்குச் சில நாட்களே இருந்தன. புல்லில் கிடந்த மேல்பாதி மழையில் கூழாகிப்போயிருந்தது. இரவு பகலாக உட்கார்ந்தால் புதிதாகச் செய்துவிடலாம் என்று லாம்பெர்ட் மறுபடி அளக்கத் தொடங்கினார். பெர்தீன் வந்து கொட்டகையின் பின்பாதியை முதலில் பார்த்தாள். கட்டைகள் கழுவி அடுக்கப்பட்டிருந்தன. கதவுக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு சாமானும் இல்லை. சங்கத்துப் பூட்டின் இன்னொரு சாவியை அண்ணன் நீட்டினார், வாங்கிக்கொண்டாள். பிறகுதான் வெளியே, கூரையில்லாமல் நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்தாள்.

"மேல ஒண்ணும் வேண்டாம். இப்படியே போகட்டும்."

அப்படியே போயிற்று. ஊர்வலத்தில் ராஜாக்களும் ராட்சதர்களும் பளபளத்துக்கொண்டு போனார்கள். நடுவில் இரண்டு பச்சை பூட்ஸ் மட்டும் போனது. அதைக் கண்டதும் தெருவே எழுந்து நின்றது. பெர்தீன் வண்டியோடு கீழே நடந்து வந்தாள், சக்கரங்களைப் பார்த்தபடி, தன் சொந்த பூட்ஸில்.

தாழ்வான தெருவில், முதியோர் இல்லத்து வாசலில், சக்கர நாற்காலிகளைக் கம்பளி போர்த்தி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கடைசி நாற்காலியில் இருந்த கிழவி ஒருத்தி, வண்டியைப் பார்க்காமல் கீழே நடந்துவந்தவளைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். பெர்தீன் நின்றாள். டிராக்டரும் நின்றது. அவள் அந்தக் கிழவியைப் பார்த்து, மெதுவாக, தலையை அசைத்தாள்.

வண்டி மேல் நின்றிருந்த நோல் லாம்பெர்ட்டை முழங்கையால் இடித்தார்.

"பாத்தியா மாப்ள, ஆடுது. வெல்டு சரியில்ல."